தேயாத புஷ்

ஜூலை 8, செவ்வாய்

பதுளையில் காலையிலிருந்து காற்று. ஆய்வுக்கூடக் கதவு படார் படார். தராசில் எண் நிற்கவே மாட்டேனென்றது.

அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைட் துகள் கலந்த துண்டு. சுழலும் இரும்புத் தட்டில் அழுத்தி ஒரு மணி நேரம். எடை குறைவு: இல்லை என்றே சொல்லலாம். ஆய்வை மேற்பார்க்கும் சேருக்குச் சந்தோஷம். "பெக்டரி ரிசல்ட் எப்ப வரும்?"

முப்பத்தாறு வயதில் மேற்படிப்பு. யார் கேட்டார்கள்?

வாங்க: எமரித்தாள், அம்மாவுக்குத் தைலம்.

ஜூலை 10, வியாழன்

தூக்கம் சரியில்லை. சனிக்கிழமை மடுல்சீமைப் பக்கம் போகவேண்டும். தம்பி மனோ அங்கே தேயிலை ஸ்டோரில், அதாவது பெக்டரியில், பிட்டர். கொழுந்து ஏற்றும் பெல்ட்டின் தண்டைத் தாங்கும் வளையமாக, அதே கலவையில் நான் வார்த்த புஷ்ஷை மாட்டி மூன்று மாதம். அவனாகத்தான் கேட்டான், "குடு அக்கா, வெண்கலப் புஷ்ஷு சும்மா சும்மா தேயுது." ஸ்டோர் பொறுப்பிலுள்ள டீமேக்கரும் சரியென்றார். இந்த மாதம் அவனை நிரந்தரமாக்குகிறார்கள்.

ஜூலை 12, சனி

பஸ்ஸில் இடுப்பு போயே போச்சு.

மனோ புஷ்ஷைக் கழற்றி, அப்பியிருந்த கிரீஸை வழித்துவிட்டுக் கையில் வைத்தான். அப்படியே புதுசு! அவன் முதுகில் ஒன்று வைத்தேன். சிரிக்கவில்லை. டார்ச் அடித்துத் தண்டைக் காட்டினான். இரும்பில் நகம் இறங்குகிற பள்ளம்.

துகள் இரும்பைத் தின்றிருக்கிறது. இத்தனை நாளும் துண்டை மட்டும் எடை போட்டேன். அடியில் சுழன்ற தட்டை ஒரு நாள்கூட நிறுத்துப் பார்க்கவில்லையே, மடச்சி!

"புஷ்ஷு தேஞ்சா மாத்திக்கலாம். ஷாப்ட்டுக்கு எங்க போறது?" என்றான்.

வெளியே டீமேக்கர் குரல். "மனோ, பெல்ட்டு ஏன் நிக்குது?"

ஜூலை 14, திங்கள்

புதுத் தட்டு மாட்டி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அதை எடை போட்டேன். குறைந்திருக்கிறது. சேரிடம் சொன்னேன். "தட்டு நம்ம தலைப்புல இல்லையே. துண்டைப் பத்தி மட்டும் எழுதுங்க."

மதியம் மனோ மனைவி கலா போன். "மதினி, ஷாப்ட்டு தேஞ்சதுக்கு, கிரீஸ் போட மறந்துட்டேன்னு தோட்டத்துத் தொரைக்கு எழுதிக் குடுத்துட்டாரு. நிரந்தரம் இனிமே இல்லையாம்."

அவனைக் கூப்பிட்டு, ஏன்டா பொய் சொன்னாய் என்று கத்தினேன்.

"ஒன் புஷ்ஷு தேயலதானே? அத எழுதிப் பாஸாயிரு அக்கா." வைத்துவிட்டான். அழுகை வந்தது. அழுதேன்.

தொரைக்குக் கடிதம். மூன்று தாள் கிழித்தாயிற்று. நாலாவது: கிரீஸ் நிறைய இருந்தது, நானே பார்த்தேன். தண்டைத் தின்றது என் புஷ். சேருக்கு ஒரு பிரதி.

நாளை காலை ஆறு மணி பஸ்ஸில் நானே கொண்டுபோகிறேன்.