உனக்குக் கொடுத்த வாக்கும் அபி இழுத்த வண்டிலும்

என் செல்லத் தங்கச்சி வசந்திக்கு,

"அக்கா, நான் போனாப்பிறகு அபியைச் சபைக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?" சுவிஸில், பேர்ண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நீ இப்படித்தான் கேட்டாய். "நான் கொண்டுபோறன், நீ யோசியாதை" என்றேன். நான் உன்னைப்போல் மோர்மன் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவள் இல்லை. பிள்ளையாரை இன்னும் விடவில்லை. ஆனாலும் சொன்னேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

அபி இப்போது சோலோதுர்னில் என்னோடு இருக்கிறாள். பதினாறு முடிந்துவிட்டது, உன்னைவிட உயரம். நீ போன இந்த இரண்டு வருடமாகச் சபைக்கு ஒரு ஞாயிறும் தவறவில்லை. ரயிலில் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு ஜன்னலையே பார்த்திருப்பாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். பரீட்சை எழுதி முடித்த பிள்ளையை மணி அடிக்கும்வரை மண்டபத்தில் இருத்தி வைப்போமே, அப்படித்தான் நாங்கள் இருவரும் இருந்தோம். மணி அடிக்க யாருமில்லை.

இந்தக் கோடையில் சபை இளையோரின் நடைப்பயணம் வந்தது. அந்தக் காலத்துச் சபையார் அமெரிக்காவில் கைவண்டில் இழுத்து நெடுந்தூரம் நடந்ததை, பிள்ளைகள் அதே மாதிரி உடுப்போடு மூன்று நாள் நடந்து பார்ப்பார்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு 'அம்மா', ஒரு 'அப்பா' என்று பெரியவர்களையும் போடுவார்கள். ஆள் போதவில்லை என்று என்னைக் கேட்டார்கள். வாக்குக் கொடுத்தவள் மறுப்பேனா?

நடக்கிற ஒவ்வொருவரும் இறந்துபோன ஒருவரின் பெயரைத் துணியில் எழுதிக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். அபியின் துணியில் அவளைக் கேளாமல் நானே உன் பெயரை எழுதிவிட்டேன்.

நீளப் பாவாடையும் துணித்தொப்பியுமாய் வந்த என்னைப் பார்த்து, "பெரியம்மா, ஜாம் போத்தலுக்கு மூடி கட்டின மாதிரி இருக்கிறீங்கள்" என்றாள்.

"நீ மட்டும் என்னவாம், தலையணை உறைக்குள்ள விழுந்த மாதிரி."

சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். துணியைக் கட்டினேன். பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம், யூரா மலைச்சரிவில் ஓர் ஏற்றம். அங்கே பெண்பிள்ளைகள் மட்டும் வண்டில் இழுக்க வேண்டும்; அந்தப் பயணத்தில் கணவனை இழந்த பெண்களின் நினைவாக. ஆண்கள் தொப்பியைக் கழற்றி இரு பக்கமும் நிற்பார்கள். உதவக்கூடாது, கதைக்கவும் கூடாது. என் முழங்கால் நோவைப் பார்த்துவிட்டு என்னையும் அவர்களோடு நிறுத்தினார்கள். எங்கள் குழுவின் 'அப்பா', தபால்காரர் உர்ஸ், தொடங்குமுன் காதோடு சொன்னார்: "வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் பாரமான வேலை, டீச்சர்."

அபி வண்டிலின் முன்கட்டையைப் பிடித்திருந்தாள். பாதி ஏற்றத்தில் சில்லு ஒரு வேரில் மாட்டிக்கொண்டது. பாவாடை தடுக்கி முழங்காலில் விழுந்தாள். 'பின்னுக்கு விட்டுத் திருப்பு பிள்ளை' என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்த தொண்டை. அவள் என்னைப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளே எழும்பி, பின்னால் தள்ளியவர்களிடம் ஏதோ சொல்லி, வண்டிலைத் திருப்பி இழுத்து ஏறினாள்.

மேலே போய்ப் புல்லில் அவளருகே இருந்தேன். கதைக்கலாம் என்றாகிவிட்டது. தண்ணீர்ப் போத்தலை மட்டும் நீட்டினேன். பாதியைக் குடித்துவிட்டு அவளாகவே தொடங்கினாள்.

"பெரியம்மா, எனக்குச் சபை காணும். ஃபெர்டிக், முடிஞ்சுது. அம்மா இருந்தால் அவவோட சண்டை பிடிச்சிருப்பன். செத்த ஆளோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?"

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் வந்தனீ?"

"நீங்கள் பாவமெல்லோ. அம்மாவுக்குச் சொல்லிப்போட்டீங்களெண்டு ஒவ்வொரு ஞாயிறும் காலை இழுத்து இழுத்துப் படி ஏறுறீங்கள். உங்களுக்காகத்தான் வந்தனான்."

விளங்குகிறதா வசந்தி? நான் உனக்காகப் போனேன், அவள் எனக்காக வந்தாள். அந்தச் சபை வாங்கில் நம்பிக்கையோடு இருக்க வேண்டியவள் நீ ஒருத்திதான். நீயோ அங்கே இல்லை.

நீ உயிரோடிருந்தால் மனம் மாறியிருப்பாயோ? இல்லை, கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்திருப்பாயோ? அதற்குப் பிறகாவது சமாதானம் வந்திருக்கும். இப்போது அதற்கும் வழியில்லை. கேட்ட அன்றைக்கு எப்படிப் பார்த்தாயோ, அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் எந்தப் பக்கம் திரும்ப?

கழித்தல் கணக்கில் பிள்ளை தடுமாறும்போது, பொறுக்காமல் விடையைச் சொல்லிவிட்டுப் படிப்பித்துவிட்டேன் என்று நினைக்கிற ஆசிரியர்கள் உண்டு. உன் மகளுக்கு நான் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன்.

"சரி பிள்ளை" என்றேன் அவளிடம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். இனி ஞாயிறுகளில் அவளை எழுப்பமாட்டேன். என்றைக்காவது அவளாக "போவம்" என்றால், கால் எப்படியிருந்தாலும் கூடப் போவேன். இது நான் உனக்குத் தருகிற புது வாக்கு. பழையதை மீறிய கோபத்தை என்னோடு வைத்துக்கொள், அவளோடு வேண்டாம்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: இன்றைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், நீங்கள் கேட்கப் பயப்படுகிற ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் முடியும்வரை வாய் திறவாமல் இருங்கள்.

உன் அக்கா,
அபியின் பெரியம்மா