மூன்றாவது பதில்

சுன்யானி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சேவாவுக்கு,

உன் அம்மா எழுதுவது. கடவுள் கருணையில் இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசின் நிலவரம் கீழே வரும். ஹாம்பர்க் குளிர் உன்னைப் படுத்தாமல், படிப்பும் வேலையும் உன்னை ஒரேயடியாய்க் கசக்கிப் பிழியாமல், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் நான் கேட்கிற முதல் வரம். எங்கள் இரண்டு பேர் நம்பரையும் நீ தடுத்து வைத்துவிட்டதால் என் குரலும் உன்னிடம் வராது, போனில் எழுதினாலும் வராது, அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பேனாவைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். நம் பாஸ்டர் மனைவி அடுத்த வாரம் உங்கள் ஊர் சபைக்கு வருகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பாட்டில் ஷிட்டோவையும் கொடுத்துவிடுகிறேன், மிளகாயும் இறால் தூளும் கை தாராளமாகவே போட்டேன், அந்த ஊர் சப்பென்ற சூப்பில் ஒரு கரண்டி விட்டுக்கொள். கடிதத்தைக் கிழிக்கத்தான் போகிறாய் என்றால் முழுதும் படித்துவிட்டுக் கிழி, அது போதும்.

உன் அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருடைய போன் பைத்தியம் நீ அறியாததில்லை, ஆனால் நீ போன பிறகு, மாவு மில்லை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, அது நன்றாக முற்றிவிட்டது. சட்டைப்பையில் இரண்டு போன், கழுத்தில் கயிறு கட்டி அந்தச் சின்னப் பாட்டுக் கருவி, காதில் எந்நேரமும் ஏதாவது ஒரு ப்ளூடூத் குமிழ். புதிதாக ஒரு ஆப் இறக்கினால் அன்றைக்குத் தெருவே வந்து பார்த்தாக வேண்டும். சமமட்டம் பார்க்கிற ஆப் ஒன்றைக் கட்டிலில் வைத்துப் பார்த்து, கட்டில் சாய்ந்திருக்கிறது என்று ஒரு காலுக்கு அட்டை கொடுத்தார், அன்றிலிருந்து கட்டில் ஆடுகிறது, ஆனால் போன் சமம் என்று சொல்வதால் நான் வாயைத் திறக்கக்கூடாது. நான் உரலில் மரவள்ளிக்கிழங்கைப் போட்டு ஃபூஃபூ இடிக்க உட்கார்ந்தால் சத்தம் அளக்கிற ஆப்பை என் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "சேவாம்மா, நீ ஒரு லாரிடி, போன்ல எழுதியிருக்கு பாரு" என்பார். எனக்குச் சிரிப்புத்தான் வரும். சாயங்காலமானால் மாமரத்தடியில் நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடி, பாட்டுக் கருவியைக் கையில் பொத்திக்கொண்டு, பழைய ஹைலைஃப் பாட்டுகளுக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார். வாழ்நாளெல்லாம் மில் இரைச்சலில் நின்ற மனுஷனுக்குக் காதுக்குள்ளே மட்டும் ஒருத்தன் மெல்லப் பாடுவது எவ்வளவு பெரிய சுகம் என்று நினைத்து நானும் தொந்தரவு செய்வதில்லை. தெருவில் அவருக்குப் பெயரே பாட்டுக்காரர்தான், அது உனக்கும் தெரியும்.

இனி அந்தச் சனிக்கிழமை. நீ அங்கிருந்து பார்த்ததை நீ அறிவாய், இங்கே கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் பொறுமையாகப் படி. யாவ் டோங்கோர் வீட்டார் டெச்சிமானிலிருந்து பெண் கேட்டு வைக்கிற மது பாட்டில்களோடு வந்து எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள், அவர்கள் பக்கம் பெரியவர் அவன் தாய்மாமன் நானா அமோவா, நம் பக்கம் பேசுவதற்கு உன் போமா அத்தை. பெண் ஊரில் இல்லாததால் அவள் சம்மதத்தை மூன்று முறையும் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று முன்னமே ஏற்பாடு, அந்த வேலையை வேறு யாருக்கும் விட உன் அப்பா சம்மதிக்கவில்லை. போனிலிருந்து உன் முகத்தை டிவியில் போட்டார், சத்தத்தை மட்டும் தன் காதில் இருந்த ப்ளூடூத்துக்கு விட்டுக்கொண்டார். "எங்களுக்கும் புள்ள குரல் கேக்கட்டுமே அண்ணே" என்று போமா சொன்னதற்கு, "டிவியில விட்டா எதிரொலி அடிக்கும், உனக்கு இதுல என்ன தெரியும், சும்மா இரு" என்று அடக்கிவிட்டார். "இந்த மதுவை வாங்கிக்கட்டுமா" என்று முதல் முறை உன்னைக் கேட்டார், நீ தலையசைத்தாய், கூடம் கைதட்டியது. இரண்டாம் முறையும் தலையசைத்துச் சிரித்தாய். மூன்றாம் முறை கேட்டபோது நீ அப்படியே சிரித்தபடி இருந்தாய், மகளே, அசையவே இல்லை, "எவ்ளோ அடக்கமா உக்காந்திருக்கா பாரு" என்று பின்னால் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. படம் நின்றுபோயிருக்கிறது என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உன் அப்பா ஒரு நிமிஷம் டிவியையே பார்த்தார், பிறகு எழுந்து, "வாங்கிக்கச் சொல்றா" என்றார். பாட்டிலைத் திறந்து முன்னோருக்கு ஊற்றினார்கள், எல்லோரும் குடித்தார்கள். டிவி இருண்டதும் லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

அன்று மாலை உன் செய்தி வந்தது. "படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று யாவ் நேற்றுச் சொன்னான், இரண்டு முறை தலையசைத்தும் மனசு ஒப்பவில்லை, மூன்று முறை கேட்கிற வழக்கமே பெண் தன் வாயால் சொல்லட்டும் என்றுதானே, அதனால் மூன்றாவது முறை அப்பாவிடம் வேண்டாம் என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன், அவர் அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லி என்னைக் கொடுத்துவிட்டார், இனி எனக்கு அப்பாவும் இல்லை, நீயும் இல்லை" என்று எழுதியிருந்தாய். அதை அப்படியே அவர் முன்னால் நீட்டினேன். படித்தார், முகம் செத்துப்போனது. "ஏன் இப்படிப் பண்ணீங்க" என்று கத்தினேன், "அவ சிரிச்சா, நீயும்தானே பாத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். சேவா, இத்தனை வருஷத்தில் நான் அவரோடு சண்டை போடாத நாள் குறைவு, ஆனால் அவரை வெறுத்தது அந்த வாரம்தான். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் மாமரத்தடியில் வழக்கம்போல் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெண் அழுதுகொண்டிருக்கிறாள், இவருக்குப் பாட்டு கேட்கிறது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது, கிட்டே போய் அந்தக் கருவியைக் கையிலிருந்து பிடுங்கினேன். அதில் வெளிச்சமே இல்லை. அமுக்கிப் பார்த்தேன், சார்ஜ் கொஞ்சமும் இல்லாமல் செத்துக் கிடந்தது, மேலே படிந்திருந்த ஹர்மத்தான் காற்றுத் தூசியைப் பார்த்தால் நாள் கணக்காகவே அப்படித்தான் கிடந்திருக்க வேண்டும். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அவர் என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது, அவர் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், உன் அப்பா திரும்பவில்லை. நான் ஃபூஃபூ இடித்தபோது அந்த ஆப்பை ஏன் நீட்டினார் என்று அப்போதுதான் புரிந்தது, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

முகத்துக்கு நேராக உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னார். "கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு சேவாம்மா. முதல்ல குருவிச் சத்தம் போச்சு, அப்புறம் பாட்டுல பொம்பளைங்க குரல் போச்சு, கடைசியில கிடாரும் போச்சு. பாட்டு பூரா மனசுல இருக்கு, ஆனா கையில இதைப் பிடிச்சாத்தான் அது ஆரம்பிக்குது" என்றார். போன் வந்தால் விளக்கு மின்னும்படி வைத்திருக்கிறாராம், பேசுவதை எழுத்தாக்குகிற ஆப் ஒன்றும் வைத்திருக்கிறாராம், ஆனால் "அந்தக் கழுதைக்கு நம்ம பாஷை தெரியலை, நீ சாப்பிட வாங்கன்னா அது ராணி குதிரை ஏறுறான்னு இங்கிலீஷ்ல எழுதுது" என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். பாட்டுக்காரருக்குக் காது போச்சு என்று தெருவில் பேசுவதைத் தாங்க முடியாது என்றுதான் என்னிடம்கூடச் சொல்லவில்லையாம். அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். முதல் இரண்டு முறை உன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாராம். மூன்றாம் முறை படம் நின்றுவிட்டது. "காதுல ஏதோ லேசா அதிர்ந்துது, நீளமாப் பேசுறான்னு தெரிஞ்சுது. சரின்னு சொல்ல அவ்ளோ நேரம் ஆகாதுன்னும் தெரிஞ்சுது. இன்னொரு தடவை சொல்லும்மான்னு கேட்டிருக்கலாம், கேட்டா யாராவது போனை வாங்கிப் பேசுவாங்க, என் குட்டு வெளிப்பட்டுடும். அந்த பயத்துல சொல்லிட்டேன்" என்றார். நான் இதை மூடி மறைத்து எழுதவில்லை பார். உன்னைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் பொய் சொல்லவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய் உன் தலையில் விழுந்தது. அது பெரிய தப்பு, அவரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

மதுவைத் திருப்பிக் கொடுத்தால்தான் நீ விடுபடுவாய், அதற்கு அவர்கள் பெரியவர்கள் முன்னால் காரணம் சொல்ல வேண்டும். போமா, "நெட்வொர்க் சரியில்லை, தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு சொல்லிடலாம் அண்ணே, யாருக்கும் அவமானமில்லை" என்றாள். உன் அப்பா ஒப்பவில்லை. "அப்படிச் சொன்னா, சரி, மறுபடி போனைப் போடு, மறுபடி கேளும்பாங்க. கூட்டமா உக்காந்து புள்ளய நெருக்குவாங்க. அவ ஒருதரம் சொல்லியாச்சு" என்றார். போன ஞாயிறு ஆராதனை முடிந்து குடித்த மதுவுக்கு ஈடாகப் புதிதாகப் பாட்டில்கள் வாங்கிக்கொண்டு டெச்சிமான் போனோம். வழக்கப்படி போமாதான் பேச வேண்டும், ஆனால் அவள் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அப்பா எழுந்து, "எனக்குக் காது கேக்காது. என் பொண்ணு வேண்டாம்னு சொன்னா, நான் கேக்காமலே கேட்டதாச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டார். கேட்காதவர் குரல் அல்லவா, தெருக்கோடி வரை போயிருக்கும். நானா அமோவா ஏதோ சொன்னார், அவருடைய அடர்ந்த மீசை உதட்டை மூடிக்கொண்டிருப்பதால் உன் அப்பாவுக்குப் புரியவில்லை, போமாவைப் பார்த்தார். அவள் தயங்கி, "வருத்தமா இருக்குன்னு சொல்றார்" என்றாள். "அவர் முகம் அப்படிச் சொல்லலை, சொன்னதை அப்படியே சொல்லு" என்றார் உன் அப்பா. போமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து திறந்து சொன்னாள்: "செவிடன் கையில போனைக் குடுத்துப் பொண்ணு சம்மதம் கேட்டீங்களா, நல்ல குடும்பம்தான்னு சொல்றார்." உன் அப்பா தலையாட்டினார். "அதுதான் நடந்துது பெரியவரே. தப்பு என்னுது, அவளுது இல்லை" என்றார். நானா அமோவா பாட்டில்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். யாவ் மட்டும் மூலையிலிருந்து, "படிப்பை விடச் சொன்னதை நான் சும்மாதான் சொன்னேன்" என்றான், "நாங்களும் சும்மாதான் திருப்பிக் குடுக்குறோம் தம்பி" என்றாள் உன் அத்தை. ஆகவே நீ யாருக்கும் மனைவி இல்லை, மகளே. நிம்மதியாகப் படி.

நேற்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காதுக் கருவி வைத்தால் கொஞ்சம் உதவும், போனது முழுதாகத் திரும்பாது என்று எழுதிக் காட்டினார்கள், இவர் அந்தக் கருவிக்கு ஆப் உண்டா என்றுதான் முதலில் கேட்டார். தெருவில் இப்போது எல்லோருக்கும் தெரியும். மாமரத்தடிக்கு அவர் இன்னும் போய் உட்காரவில்லை, நாற்காலி உள்ளேயே இருக்கிறது. மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, நானும் அவருக்காகக் கேட்கப்போவதில்லை, அது உன் மனசு. நீ தொட்டதெல்லாம் நல்லபடி நடக்க வேண்டும், நல்ல கை உள்ள நர்ஸாக நீ திரும்பி வர வேண்டும், ஆண்டவர் உன் போக்கிலும் வரத்திலும் துணை நிற்கட்டும். காதை மூடுகிற தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. ஒன்று மட்டும் அவர் எழுதச் சொன்னார். நீ அனுப்பிய செய்தியைப் படித்தாரே தவிர, அந்த மூன்றாவது பதிலை அவர் இன்னும் உன்னிடமிருந்து வாங்கவில்லையாம், அதை வாங்காமல் சோறு இறங்கவில்லையாம். தடுத்ததை ஒரே ஒரு நாள் எடுத்துவிடு. முகம் தெரிகிறபடி கூப்பிடு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார், அவர் மறுபடி கேட்பார், நீ அவசரப்படாமல், உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி, அவரைப் பார்த்து வேண்டாம் என்று சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா
யா கொனாடு