கடலடி மிருகமும் அப்பாவின் இடது கையும்

2003 ஆகஸ்ட் 2, சனி

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் தயவு செய்து இங்கேயே மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படியுங்கள், ஆனால் யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெரியாயி அக்காவுக்குத் தெரிந்தால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இன்று நான் சீட்டு ஆடினேன்.

எழுதியதும் விளக்குத் திரியை இறக்கிவிட்டேன். அம்மா அசையவில்லை.

இங்கிலீஷ் வகுப்பு முடிந்ததும் நானும் லதுஷாவும் றஷீதா வீட்டுக்குப் போனோம். அவளுடைய வாப்பாவுக்கு அப்புத்தளை டவுனில் புடவைக் கடை. கடைக்குப் பின்னால் துணி உருளைகள் அடுக்கிய அறை. றஷீதாவின் சாச்சா, வாப்பாவின் தம்பி, கட்டாரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெட்டி அங்கே இருந்தது. அதற்குள் பளபளவென்று தாள் உறையிட்ட சிறு பக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் பதினைந்து அட்டை. சீட்டுக்கட்டில் இருப்பதுபோல ராஜாவும் ராணியும் இல்லை. நெருப்பைத் தைக்கிற பெண். நடந்துபோகும் காடு. முதுகில் ஒரு ஊரையே சுமக்கிற ஆமை. உலகத்தில் யாரோ உட்கார்ந்து இதையெல்லாம் வரைந்திருக்கிறார்கள்.

லதுஷாவின் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை. அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். பெட்டிக்குள் இருந்த தாளை அவள்தான் படித்துச் சொன்னாள். ஆளுக்கொரு பக்கெட் உடைக்க வேண்டும். ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இடப்பக்கம் இருப்பவளிடம் கொடுக்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வருவதில் மறுபடியும் ஒன்று. இப்படியே எல்லாம் தீரும்வரை. எடுத்ததை வைத்துத்தான் பிறகு சண்டை.

நான் படம் அழகாக இருந்ததையெல்லாம் எடுத்தேன். இரண்டு பேரிடமும் தோற்றேன்.

"நீ கலண்டருக்குப் படம் சேர்க்கிறியா, விளையாட வந்தனியா?" என்றாள் லதுஷா.

றஷீதா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் பயம் வந்தது.

ஆகஸ்ட் 5

ஏன் பயம் என்று எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பா கடைசி லயத்து வீட்டு வரிசையில் சீட்டாடி அம்மாவின் காதுத் தோட்டை விட்டுவிட்டு வந்தார். மறுநாள் அம்மா அவரை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். நானும் போனேன். அப்பா உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தார். "இனிமே நான் சீட்டைத் தொட்டா, எங்க வாசப்படிக்குள்ள சீட்டு வந்தா, இந்தக் கை வெளங்காமப் போவட்டும் தாயே." இடது கை. சீட்டை விரித்துப் பிடிக்கிற கை. தோல் கருகின வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

நான் ஆடுவது டவுனில்தானே. வாசப்படிக்குள் இல்லையே.

ஆகஸ்ட் 9, சனி

இன்று நான் வென்றேன். எழுத்து கோணலாக வருகிறது.

பழைய அட்டைகளையும் கலந்து, கடையின் மெல்லிய தாளில் பதினைந்து பதினைந்தாகச் சுற்றிப் புதிதுபோல வைத்திருந்தாள் றஷீதா. நான் பிரித்ததில் அது இருந்தது. கடலின் அடியில் கிடக்கும் மிருகம். வயிற்றில் வரிசையாக விளக்கு, இராத்திரியில் மலையைச் சுற்றிப் போகும் ரயிலின் ஜன்னல்கள் மாதிரி. நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் அதைக் களத்தில் இறக்கப் பெரிய செலவு, ஏழு நில அட்டை சேர வேண்டும். லதுஷா சொன்னது நினைவு வந்து, மனமில்லாமல் விட்டுவிட்டுச் சின்ன அட்டை ஒன்றை எடுத்தேன்.

மூன்று பேர்தானே. பக்கெட் ஒரு சுற்று போய் என்னிடமே வந்தது. அது உள்ளே அப்படியே இருந்தது. இரண்டு பேர் அதைப் பார்த்தும் எடுக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தது போல. இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் புரிந்தது. என்ன வருகிறது என்று மட்டும் பார்க்கக் கூடாது, என்ன வரவில்லை என்றும் பார்க்க வேண்டும். சிவப்பு அட்டை ஒன்றுகூட என்னிடம் வரவில்லையென்றால், எனக்கு வலப்பக்கம் இருக்கிற றஷீதா சிவப்பைச் சேர்க்கிறாள். அவள் வாயே திறக்கவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. இதை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? மூன்று பேர் பேசாமல் உட்கார்ந்து ஒருவர் மனதை ஒருவர் படிக்கிற விளையாட்டு.

ஏழாவது நிலம் வந்தது. மிருகத்தை இறக்கினேன். தோற்றுவிட்டோம் என்று றஷீதா கையிலிருந்ததையெல்லாம் கீழே போட்டாள்.

"கெலிச்சவ ஒண்ண வூட்டுக்குக் கொண்டு போகலாம். எண்ட பெட்டி, எண்ட சட்டம்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மிருக அட்டையை வாசப்படிக்கு வெளியே, கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில், ஷொப்பிங் பையில் சுற்றிச் செருகியிருக்கிறேன். வெளியேதான். உள்ளே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காற்றும் மழையும். தகரம் அடித்துக்கொள்கிறது. பை கிழிந்து பறந்துவிடும் என்று பயந்து உள்ளே எடுத்து வந்துவிட்டேன். புத்தகப் பைக்குள் இருக்கிறது. ஒரு இராத்திரிக்குத்தான். தாயே, ஒரே ஒரு இராத்திரி.

ஆகஸ்ட் 13

தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்து மலையில் கத்தி வழுக்கி அப்பாவின் கை வெட்டுப்பட்டுவிட்டது. இடது கை.

ஆகஸ்ட் 14

அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் அப்பாவோடு. பெரியாயி அக்கா சோறு கொண்டுவந்து வைத்தார். "மழையில தேயிலச் செடி வழுக்கத்தான புள்ள செய்யும்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழாதே என்றார். நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

விரல் நரம்பு அறுந்திருக்காம். தைத்திருக்கிறார்களாம். மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

நான்தான். நான்தானே. அட்டை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. வெளியே கொண்டுபோகவும் பயம், இருக்கவிடவும் பயம். என்னா செய்வேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் போகும்போது முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வார்ட்டில் அப்பா சுவரோரக் கட்டிலில் இருந்தார். கை தலையணைமேல் தூக்கி வைத்திருந்தது. கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் மட்டும், வீங்கி மஞ்சளாக. அம்மா தேத்தண்ணி வாங்கப் போனதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பெட்டி, பக்கெட், மழை, வாசப்படி.

அப்பா கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"பந்தயம் வச்சா ஆடுனீங்க?"

"வச்சு ஆடலப்பா. கெலிச்சவங்க ஒண்ணு எடுத்துக்கலாம்னு றஷீதா சொன்னா."

"அப்ப வச்சு ஆடுனதுதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடிப்பார் என்றால் எந்தக் கையால் அடிப்பார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே செத்துவிடலாம் போலிருந்தது.

"உள்ள கொண்டாந்தது என்னைக்குனு சொன்ன?"

"செவ்வாக்கிழம."

"நான் ஞாயித்துக்கிழமையே ஆடிட்டேன் புள்ள."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார். சம்பளம் வாங்கின அன்று கடைசி லயத்தில், ஒரே ஒரு ஆட்டம், கூப்பிட்டார்கள் என்று உட்கார்ந்தாராம். புதன்கிழமை கத்தி இறங்கினதும் அம்மன்தான் வந்து நிற்கிறாள் என்று நினைத்தாராம். நாலு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டு கிடக்கிறாராம்.

"நீ இல்ல. நான்தான். அம்மன் கைய கேட்டது எங்கிட்ட, ஒங்கிட்ட இல்ல."

அப்பா அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. துடைக்க வலது கையைத் தூக்கினார், அதில் ஊசி குத்தியிருந்தது. நான்தான் என் தாவணி நுனியால் துடைத்தேன். பெரிய ஆள் ஒருவர் தன் குற்றத்தை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சும்மா படுத்திருக்கிறார். இப்படியும் நடக்குமா? என் பாரத்தை இறக்க வந்தேன், அதைவிடப் பெரிய ஒன்றைப் பார்த்துவிட்டேன்.

பிறகு, "நெசமாவே கெலிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"நம்ம குடும்பத்துல மொத ஆளு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "எடுத்தத திருப்பிக் குடுத்துரு. அந்தப் புள்ளைக கூட வேணும்னா ஆடு, வச்சு ஆடாத."

அம்மா தேத்தண்ணியோடு வந்தாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அப்பா அம்மாவிடம் சொல்லுவாரா?

ஆகஸ்ட் 23, சனி

அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். றஷீதாவுக்குக் கோபம். "குடுத்தத திருப்பித் தாறியா? எண்ட சாமான் கூடாதா ஒனக்கு?" ஏன் என்று சொல்லவேண்டி வந்தது. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்லவில்லை. அவள் அதைப் பெட்டியில் போட்டாள்.

"அப்ப இண்டைக்கிருந்து வெல்லுறவைக்கு ஒண்டும் இல்லை. ராணி மாதிரி எங்களுக்கு நடுவில இருக்கலாம், அவ்வளவுதான்" என்றாள் லதுஷா.

நான் ஆடாமல் வந்துவிட்டேன்.

செப்டெம்பர் 6

தையல் பிரித்தாகிவிட்டது. வெட்டுப்பட்டதில் இரண்டு விரல் மடங்குகிறது. நடுவிரல் மடங்கவில்லை. கவ்வாத்துக்கு இனிமேல் போக முடியாது. நாற்று மேடையில் பொலித்தீன் பைக்கு மண் நிரப்புகிற வேலை தருவதாகக் கங்காணி சொல்லியிருக்கிறார்.

அப்பா இன்னும் சொல்லவில்லை. அம்மா எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாக நீவிவிடுகிறாள். அப்போது அவர் சுவரையே பார்க்கிறார். நான் புத்தகத்தையே பார்க்கிறேன்.

செப்டெம்பர் 19, வெள்ளி

சொல்லிவிட்டார்.

நேற்று அம்மா விரலை நீவிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். என்னுடையதையும் சேர்த்துச் சொன்னார், ஆனால் கடைசியில், சின்னதாக. நான் அடுப்படியில் நின்றேன். அம்மா கையை விடவில்லை. நீவுவதையும் நிறுத்தவில்லை. "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது. வாக்கு குடுத்த எடத்துல போயி சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று இருந்தேன். என் அம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது போலிருக்கிறது.

இன்று மாலை இரண்டு பேரும் கோயிலுக்குப் போனார்கள். போகும்போது அம்மா வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "நாளைக்கு சனிக்கெழமதான? நீ போவாட்டி அந்தப் புள்ளைக ரெண்டு பேரா எப்பிடி ஆடுவாங்க?"

கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போய் ரொம்ப நேரமாகிறது. கோயில் மணி எப்போதோ நின்றுவிட்டது. வழியில் கடைசி லயத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். இன்றைக்கும் அங்கே விளக்கு எரிகிறது, யாரோ அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. அப்பா நின்றாரா? அம்மா மட்டும் வருவாளா?

படியில் காலடி. ஒருவருடையதா, இரண்டு பேருடையதா? அம்மாவின் குரல். என்னவோ சொல்கிறாள். அப்பா இருமிக்கொண்டே சிரிக்கிறார். இரண்டு பேரும்தான். கதவைத் தட்டுகிறார்கள்.