புளி ஊறிய போத்தல்

இஞ்சேர் யோகம்,

இப்படிக் கூப்பிட்டால் குசினிக்குள் இருந்து "என்னப்பா, சொல்லுங்கோ" என்று குரல் மட்டும் வரும். ஆள் வராது. இப்போது குரலும் இல்லையென்பதால் எழுதுகிறேன். நம் சங்கத்துச் சஞ்சிகைக்காரர் கேட்டதால் நாலு பேர் பார்க்கத்தான் எழுதுகிறேன். கோபிக்காதே, செல்லம்.

முதலில் நல்ல செய்தி. நேற்று ஸ்பிரிங்வேல் முலாம் பட்டறைக்குப் போனேன். செம்பைப் பிரிக்கும் உன் தொட்டி ஓடத் தொடங்கிவிட்டது. உன் பேராசிரியர்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார்.  

வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். நீ பொறு. என் மனைவி இங்கே கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் ஆராய்ச்சி செய்தவள். அந்தப் பட்டறையில் காருக்கான பிளாஸ்டிக் குமிழ்களுக்குச் செம்பு முலாம் பூசுவார்கள். கழுவிய தண்ணீர் செம்போடு ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் செம்பைப் பிரித்தெடுப்பதுதான் இவள் வேலை. கோஸ்டிக் சோடா போட்டால் செம்பு நீலத் திரளாகி அடியில் இறங்கவேண்டும். இவள் தானே மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கரைத்துச் செய்து பார்த்தால் சமர்த்தாக இறங்கியது. பட்டறைத் தண்ணீர் மட்டும் பிடிவாதமாகக் கடுநீலத்தில் அப்படியே நின்றது.

அந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? தவணை முடியுமுன் செம்பு இறங்காவிட்டால் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார் பேராசிரியர். தலைப்பை மாற்றினால் புலமைப்பரிசில் காலம் போதாது. பட்டமில்லாமல் கொழும்புக்கு விமானம் ஏறவேண்டியதுதான். உனக்குச் சோறு இறங்கவில்லை. "செம்பும் இறங்குதில்லை, சோறும் இறங்குதில்லை" என்று நான் பகிடி விட, அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

அந்தச் சனிக்கிழமை நான் வழக்கம்போல உன் கூலியாள். பட்டறைத் தண்ணீர்க் கலனைத் தூக்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குள் வந்தால், நீ கதிரையில் இருந்து அழுகிறாய்.

"இஞ்ச பாருங்கோ, இப்ப என்ர சொந்தத் தண்ணியும் இறங்குதில்லை!"

மேசையில் உன் மயில்துத்தக் கரைசல் போத்தல்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் செம்பு இறங்கிவிட்டது. ஒன்று மட்டும் பட்டறைத் தண்ணீர் போலவே கடுநீலமாக நின்றது.

"இந்தப் போத்தலை எங்க கழுவினனீ?" என்று கேட்டேன். ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டதுதான்.

"வீட்டிலைதான். நேற்று விளக்கு மினுக்கேக்கை..."  போத்தலைத் தூக்கி மூக்கருகே விசிறி மணந்தாய். கண்ணீரோடு சிரிக்கத் தொடங்கினாய். "அப்பா, புளி!"

வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கை மினுக்கிய புளியையே போத்தலின் பச்சைக் கறை போக உள்ளே போட்டு ஊறவிட்டிருக்கிறாய். பஸ் வந்துவிட்டதென்று அலசாமல் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய். எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தால் என்ன, கறையைக் கண்டால் நம் ஆட்களின் கை புளிக்குத்தானே போகும்?

"புளிதான் செம்பைப் பிடிச்சு வைச்சிருக்கு. பட்டறையிலையும் ஏதோ புளி போடினம்!" என்றாய். திங்கட்கிழமை அங்கே போய்க் கேட்டாய். ஓம், புளியில் இருக்கும் அதே அமிலத்தின் உப்பை முலாம் தொட்டியில் போடுகிறார்களாம். பிறகு நீ கோஸ்டிக்கை விட்டுச் சுண்ணாம்புக்கு மாறினாய். சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத் தன்னோடு கட்டிக்கொள்ள, செம்பு விடுபட்டு இறங்கியது. அன்றைக்கு நீ மூன்று பேர் சோறு சாப்பிட்டாய்.

பட்டம் வந்தது. அதன் பின்னாலேயே உன்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திய அந்த வருத்தமும் வந்தது. உன் முறைப்படி பட்டறையில் தொட்டி கட்டுவதைப் பார்க்க அது உன்னை விடவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம்தான். யாரில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்னொரு செய்தி. பேராசிரியர் உன் போத்தலை மாணவர்களுக்குச் செய்முறைப் பாடமாக்கிவிட்டார். ஒரு போத்தலில் மட்டும் சொல்லாமல் புளியைக் கரைத்துவிட்டு, பிள்ளைகள் முழிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். போனமுறை ஒரு கிரேக்கப் பெட்டை உன்னைப்போலவே மணந்து பார்த்துக் கண்டுபிடித்தாளாம். அவர்கள் வாயில் யோகம் யோகாவாகிவிட்டதால், அந்தப் போத்தலுக்கு அங்கே 'யோகாவின் போத்தல்' என்று பெயர். புளி வாங்கிக் கொடுப்பது நான். ஊரிலிருந்து யாராவது வருமட்டும் காத்திருக்கத் தேவையில்லை. ஸ்பிரிங்வேலில் வியட்நாம்காரர் ஒருவர் கடை போட்டிருக்கிறார், புளி கட்டி கட்டியாகக் கிடக்கிறது. நீ இருந்திருந்தால் கடையையே வாங்கியிருப்பாய்.

ஆனால் இவ்வளவு நாளும் வீட்டுக்கு என்று நான் புளி வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ சொன்னது, "விளக்கைப் பச்சை பிடிக்க விடாதேங்கோ." விட்டுவிட்டேன், யோகம். அதில் கடைசியாகப் பட்டது உன் கை. அதை எப்படி நான் தேய்த்துக் கழுவுவேன்?

நேற்றுத் தொட்டியின் மறுபக்கக் குழாயிலிருந்து வந்த தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து என் கையில் தந்தார் பேராசிரியர். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அந்நியர் முன்னால் நன்றாக அழுதேன். திரும்பும் வழியில் வீட்டுக்கென்று ஒரு கட்டி புளி வாங்கினேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கை மினுக்குவேன். விளக்கின் செம்பு கரைந்த அந்தப் புளித்தண்ணீரைச் சிங்கில் ஊற்றமாட்டேன், பயப்படாதே. வாளியில் விட்டு, சுண்ணாம்பு போட்டு, எல்லாம் இறங்குமட்டும் பக்கத்திலேயே இருப்பேன்.

உன்ர மனுசன்,
சிவம்