பச்சைப் பெயிண்ட்

மகளின் அப்பாவுக்கு,

உங்கள் பழைய ட்ரில்லிங் மெஷினைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ள மகள் ஆசைப்பட்டாள். மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்த்தோம். பச்சைப் பெயிண்டைச் சுரண்டியபோது, பட்டி வைத்து அடைத்த நான்கு துளைகள் தெரிந்தன. "இது பெல்ட் கவர் மாட்டுற இடம்மா" என்றாள்.

கவரே கிடையாது என்று சாதித்தீர்களே! என் வலது கை பெல்ட்டில் சிக்கியபோது, "இவளுக்குக் கவனம் பத்தாது டாக்டர்" என்று வாய் கூசாமல் சொன்னீர்களே! நானும் நம்பித் தொலைத்தேன்.

கவரைக் கழற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பிய அன்று மெஷின் புதுப் பெயிண்டில் மின்னியது. நான் அங்கே கிடந்தபோது, உட்கார்ந்து பட்டி வைத்திருக்கிறீர்கள். சிந்தாமல், சிதறாமல், எவ்வளவு கவனமாக!

மகள் புதுக் கவர் மாட்டிவிட்டாள். நீங்கள் இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம்.

கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். சிரமப்பட்டுப் படியுங்கள்.

இப்படிக்கு,
இடது கையால் எழுதப் பழகியவள்