டிரைவர் சீட்டில் உங்கம்மா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதறேன். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு ஆரம்பிக்கத்தான் கை வருது, ஆனா அது முழு நிஜம் இல்லை, இந்த வீட்டுல ஒருத்தி ரொம்ப நல்லா இருக்கா, ஒருத்தன் சுமாரா இருக்கான். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் முதல் ரகத்துல இருக்கணும்னு வேண்டிக்கறேன். எழுத்து ஏன் இவ்வளவு பெருசா இருக்குன்னு கேட்காதே, தடிமனான பேனா. ஃபோன்ல சொல்லக்கூடாதான்னு கேட்பே. ஃபோன் அடிச்சா அவதான் எடுக்கறா, எடுத்தா வைக்கறதில்லை, கடைசியில எனக்கு மாத்திரை சாப்பிட்டீங்களாப்பாங்கற ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் கிடைக்குது. அதனாலதான் கடிதாசி. இதையாவது நடுவுல பிடுங்கி அவளால பேச முடியாது.

உங்கம்மா இப்ப இந்தத் தெருவுக்கே டிரைவர். எதிர்வீட்டு டீச்சருக்குப் பல்வலின்னா இவ வண்டி, மூணாவது வீட்டுத் தையல்காரம்மா துணி எடுக்கப் போகணும்னா இவ வண்டி. இவ வண்டின்னு எழுதிட்டேன் பாரு, அது என் வண்டி, பதினோரு வருஷமா என் வண்டி. சீட்டை முன்னால இழுத்து வச்சிருக்கா, நான் உட்கார்ந்தா முட்டி போய் ஸ்டியரிங்ல இடிக்குது. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கிட்டா. முதுகுக்கு ஒரு குஷன் வேற. நான் வச்சிருந்த நியூஸ் ஸ்டேஷன் போச்சு, இப்ப பாட்டுதான் ஓடுது, கூடவே இவளும் பாடறா. இத்தனை வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்து வந்தவ ஒரு நாளாவது பாடினாளா, பிரேக் பிரேக்னுதான் கத்தியிருக்கா. போன வாரம் மார்க்கெட்டுக்குப் பின்னால ரெண்டு வேனுக்கு நடுவுல ரிவர்ஸ் எடுத்து ஒரே தடவையில நிறுத்தினா. திருத்தறதுக்கு ஒண்ணுமே இல்லை. எனக்கு வயிறு எரிஞ்சுது, உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அங்க நின்ன காய்கறிக்காரர் பிரமாதம்மான்னு கையைத் தட்டினாரு. நான் லைசன்ஸ் ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம் டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர், எத்தனையோ ஆயிரம் பேரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிப் பார்த்தவன், எனக்கு ஒருத்தனும் கை தட்டினதில்லை. நீ மட்டும் என்னவாம், அவ லைசன்ஸ் வாங்கினதும் அங்கேருந்து கூலிங்கிளாஸ் வாங்கி அனுப்பினே. அதை மாட்டிக்கிட்டு வாசல்ல அவ வண்டியைத் திருப்பற தோரணையைப் பார்க்கணுமே. எனக்கு அதே பார்சல்ல என்ன வந்துது, மூட்டுவலித் தைலம்.

அவ கத்துக்கிட்ட கதை உனக்கு முன்னாடியே தெரியும், வீட்டுல இருந்த எனக்குத்தான் கடைசியில தெரிஞ்சுது. காலையில வாக்கிங் போறேன்னு மூணு மாசம் கிளம்பிப் போனா. நானும் பைத்தியக்காரன் மாதிரி, பரவாயில்லையே, கொஞ்சம் இளைச்சிருக்கேன்னு பாராட்டினேன். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில உப்பு டப்பா பக்கத்துல ஒரு அட்டையைக் கொண்டு வந்து வச்சா. லைப்ரரி கார்டுன்னு நினைச்சேன். மூக்குக்கிட்ட கொண்டு போய்ப் பார்த்தா இவ போட்டோ. பேக்கரி மாடியில டிரைவிங் ஸ்கூல் நடத்தற பொண்ணுதான் கத்துக் குடுத்திருக்கு, அந்தப் பொண்ணுக்கு லைசன்ஸ் குடுத்ததே நான். வீட்டுலயே இன்ஸ்பெக்டர் இருக்க, போயும் போயும் பேக்கரி மாடிக்கா போகணும். சரி, நியாயமாப் பேசறேன், நீ மூணாங்கிளாஸ் படிச்சப்போ நான் ஒரு தடவை அவளுக்கு மைதானத்துல கத்துக் குடுக்கப் பார்த்தேன். கிளட்சை விடுன்னு நான் போட்ட சத்தத்துல கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துட்டா. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம் வேலையில ரிட்டயர் ஆகற வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டேதான் போனா. இப்ப நினைச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்கு, ஆனா அதுக்காகப் பொறாமை ஒண்ணும் குறையலை. அறுபத்தி நாலு வயசுல முதல் டெஸ்ட்லயே பாஸாம். பாஸ் போட்டது என்கிட்ட வேலை பழகினவன், அப்ப நாங்க அவனை ஒல்லின்னு கூப்பிடுவோம், இப்ப அந்த ஆபீஸுக்கே அவன்தான் பெரிய அதிகாரி, ஒல்லியாவும் இல்லை.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன மாசம் என் லைசன்ஸ் முடிஞ்சுது. எழுபது தாண்டினவங்க புதுப்பிக்கணும்னா ஆபீஸ்ல அதிகாரி முன்னாடி கண் டெஸ்ட் குடுக்கணும். எனக்குக் கொஞ்ச நாளாவே பார்வையில நடுவுல ஒரு மங்கல், ஓரமெல்லாம் நல்லாத் தெரியும், நேரே பார்க்கறதுதான் தண்ணி பட்ட காகிதம் மாதிரி கரைஞ்சு போயிடும். கண் டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னாரு, கண்ணாடி மாத்தினா சரியாகாதுன்னும் சொன்னாரு, உன்கிட்ட அதைச் சொல்லலை, இப்ப சொல்றேன். ஆனா டெஸ்டை நினைச்சு நான் கவலையே படலை. அந்த ஆபீஸ் சுவத்துல எழுத்து அட்டையை ஆணி அடிச்சு மாட்டினதே நான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் சொல்லுவேன். ஒல்லி எதிர்ல உட்கார்ந்திருந்தான், உங்கம்மா பின்னாடி பெஞ்சுல. படிங்க சார்னான். ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு கடகடன்னு சொன்னேன், கடைசி வரிக்குக் கீழே பொடியா அச்சகத்தோட பேர் போட்டிருக்கும், அதையும் விடாம சொன்னேன். ஒல்லி பேனாவைக் கீழே வச்சுட்டான். அசந்துட்டான்னு நினைச்சு கையை மாத்தி இன்னொரு கண்ணைப் பொத்தப் போனேன். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்து, சார், அந்த அட்டையை எடுத்து எட்டு மாசம் ஆச்சு, இப்ப இருக்கறதுல எழுத்தே கிடையாது, எல்லாம் நம்பர்னு சொன்னான்.

மானம் போச்சும்மா. உங்கம்மா சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை, சண்டை போட்டிருக்கலாம். கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கிட்டே இருந்தா. ஒல்லி நல்லவன், நான் வேலை பழக்கின மரியாதை அவனுக்கு இருக்கு. அடுத்த வியாழக்கிழமை மதியம் கூட்டம் இல்லாதப்போ வாங்க சார், நானே பார்த்துக்கறேன்னான். பார்த்துக்கறேன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது நானே பேச்சை எடுத்தேன். ஐம்பது வருஷமா ஓட்டறேன், ஒருத்தர் மேல ஒரு கீறல் போட்டதில்லை, வண்டி ஓட்டறது என் உரிமை, அதை ஒரு நம்பர் அட்டை பிடுங்க முடியுமான்னு கேட்டேன். அவ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, ரொட்டி வண்டிக்காரருக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டா. உனக்கு அந்த ஆளை ஞாபகம் இருக்காது, நீ அப்ப சின்னப் பொண்ணு. ஒரு கண்ணு மங்கிப் போயும் ரொட்டி வேன் ஓட்டிக்கிட்டிருந்தாரு, நான் நாலு தடவை ஃபெயில் போட்டேன். அவர் சம்சாரம் நம்ம கேட்டுல வந்து நின்னுது. உங்கம்மா அதை உள்ள கூப்பிட்டு டீ குடுத்து அனுப்பிட்டு என்கிட்ட மல்லுக்கு நின்னா, அது அவர் பொழப்பு, அவர் உரிமை, பிடுங்கறதுக்கு நீங்க யாருன்னு கேட்டா. அதுக்கு நான், ரோட்டுல நடக்கறதுதான் உரிமை, வண்டி ஓட்டறது நடக்கறவங்க நம்மளை நம்பிக் குடுக்கற அனுமதின்னேன். இதை அவ அப்படியே எடுத்து என் தட்டுல போட்டா. இத்தனை வருஷம் கழிச்சு நான் அவ கட்சி, அவ என் கட்சி. என் வண்டி, என் சீட்டு, இப்ப என் வாதத்தையும் எடுத்துக்கிட்டா.

சண்டை இங்கேயும் நிக்கலை. வியாழக்கிழமை ஆபீஸுக்கு நானே கொண்டு போய் விடறேன், வெளியில காத்துக்கிட்டும் இருப்பேன், ஆனா நீங்க அப்படி ஒரு லைசன்ஸ் வாங்கிட்டு வந்தா நீங்க ஓட்டற வண்டியில நானும் ஏறமாட்டேன், குட்டியையும் ஏத்த விடமாட்டேன்னுட்டா. நீங்க வர்ற பதினெட்டாம் தேதியை மனசுல வச்சுத்தான் சொல்றா. நீ வந்த ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்டுக்கு நான்தானே வண்டி எடுத்துட்டு வந்தேன். உன் பெட்டியைத் தூக்கி டிக்கியில வச்சு, நீ முன்சீட்டுல உட்கார்ந்து தூங்கித் தூங்கி விழ, நான் மெதுவா ஓட்டிட்டு வருவேன். வருஷத்துல அந்த ஒரு மணி நேரம்தான் நீ எனக்கு மட்டும்னு இருக்கற நேரம். அதையும் இவ எடுத்துக்கப் போறாங்கறதுதான் எனக்குத் தாங்கலை. வண்டி எக்கேடு கெட்டுப் போகுது. நீ அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், அப்பாதான் வரணும்னு சொல்லணும், இதைக் கேட்கத்தான் செவ்வாய்க்கிழமை இந்தக் கடிதாசியை ஆரம்பிச்சேன். இந்த இடத்துல நிறுத்தி மடிச்சும் வச்சேன்.

இப்ப வெள்ளிக்கிழமை. நடுவுல நடந்ததைச் சொல்லிடறேன். புதன்கிழமை அவ குளிக்கப் போன நேரம் நான் வண்டியில டேஷ்போர்டைக் குடைஞ்சேன். டிரைவிங் ஸ்கூல்ல ஒவ்வொரு கிளாஸுக்கும் தேதி போட்டு என்னென்ன தப்புன்னு ஒரு அட்டையில எழுதுவாங்க, இவ எத்தனை தப்பு பண்ணியிருக்கான்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல் அடங்கும்னு. பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். தப்பு நிறையத்தான் இருந்துது, எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துது. அப்புறம் முதல் கிளாஸ் தேதியைப் பார்த்தேன். எதிர்வீட்டு டீச்சரோட ரிட்டயர்மென்ட் விருந்துக்குப் போயிட்டு வந்தோமே, அந்த ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள் திங்கள். அன்னிக்கு வர்ற வழியில, பள்ளிக்கூடத் திருப்பத்துல, உங்கம்மா திடீர்னு நிறுத்துங்கன்னு அலறினா. நிறுத்தினேன். வண்டிக்கு ரெண்டு சாண் முன்னாடி ஒரு பொண்ணு குழந்தையைத் தள்ளுவண்டியில வச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு அங்க யாருமே தெரியலை. சத்தியமா வெறும் ரோடுதான் தெரிஞ்சுது. வெயில் கண்ணுல அடிச்சுதுன்னு சொன்னேன். அவ ஆமான்னா. அதோட அந்தப் பேச்சை அவ எடுக்கவே இல்லை, உன்கிட்டயும் சொல்லலை, சொல்லியிருந்தா நீ அன்னிக்கே என்னைக் கேட்டிருப்பே. மறுநாள் காலையில வாக்கிங் போறேன்னு கிளம்பியிருக்கா. என்னைப் பார்த்து ஓட்டாதீங்கன்னு சொல்ல அவளுக்கு மனசு வரலை, தான் கத்துக்கிட்டு வந்து நின்னா. நான் என்னடான்னா என் சீட்டைப் பிடிக்க வந்தவள்னு நினைச்சு அஞ்சு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறேன்.

அப்படியும் வியாழக்கிழமை போனேன். தெரிஞ்சுக்கிட்டேதான் போனேன், ஆசை விடலையே. ஒல்லி ஃபாரத்தை ரெடியா வச்சிருந்தான். அவன் சுவத்தைக்கூடப் பார்க்கலை, ஏதாவது ரெண்டு நம்பர் சொல்லுங்க சார், நான் எழுதிக்கறேன்னான். வாய் வரைக்கும் வந்துது, எட்டு, மூணுன்னு ஏதோ ஒண்ணு, யார் என்ன கேட்கப் போறாங்க. அந்தத் தள்ளுவண்டிதான் கண்ணு முன்னாடி நின்னுது. அன்னிக்குத் தெரியாதது அங்க தெரிஞ்சுது. எனக்கு ஒண்ணுமே தெரியலைப்பா, ஃபெயில் போடுன்னேன். யோசிச்சுச் சொல்லுங்க சார்னான். எந்தக் கட்டத்துல போடணும்னு எனக்குப் பார்க்காமலே தெரியும், விரலை வச்சுக் காட்டினேன். பழைய லைசன்ஸை மேஜையில வச்சிட்டு வெளியில வந்தேன். உங்கம்மா என் முகத்தைப் பார்த்துட்டு ரேடியோவை நிறுத்தினா. பாட்டு இருக்கட்டும், போன்னேன். பெரிய திருப்பத்துல கொஞ்சம் அகலமா எடுத்தா, சொன்னேன், சொல்லாம இருக்க முடியலை. சரிங்கன்னா. அவ நல்லா ஓட்டறா. என்னைவிட நல்லா ஓட்டறா, கவனமாவும் ஓட்டறா, இதை அவகிட்ட என் வாயால சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகும். பொறாமை போயிடுச்சுன்னு நினைச்சுக்காதே, அது பாட்டுக்கு இருக்கு.

அதனால செவ்வாய்க்கிழமை கேட்டதை விட்டுடு. மாப்பிள்ளைக்கு நெஞ்சுச்சளி விட்டுதான்னு எழுது, வேலை வேலைன்னு சாப்பாட்டைத் தள்ளிப் போட வேணாம்னு சொல்லு. நீயும் வண்டி ஓட்டும்போது அம்மாவோட ஃபோன்ல பேசாதே, லவுட் ஸ்பீக்கரா இருந்தாலும் பேசாதே. வீடு நிறைஞ்சு நல்லபடியா இருங்க, குட்டி நல்லா வளரட்டும், எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் எப்பவும் உண்டு. ஒண்ணே ஒண்ணை மட்டும் மறந்துடாதே. பதினெட்டாம் தேதி உங்கம்மாதான் வண்டி எடுத்துட்டு வருவா, நான் கூட வந்து ஏர்போர்ட் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நிப்பேன். வழக்கம்போல தூரத்துலேயே நின்னு கையை ஆட்டாதே, யாரோன்னு நினைச்சுடுவேன். நேரா என் கிட்ட வந்து, அப்பான்னு கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா