நாற்காலி இழுபடும் சத்தம்

மச்சான்,

போன வாரம் சுங்காய் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, எனக்கு முன்னால் ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்தப் புளித்த நாற்றத்தை உனக்குச் சொல்லவா வேண்டும்! கார் கண்ணாடியை ஏற்றினேன். ஏற்றியும் போகவில்லை. பின்சீட்டில் இருந்த என் மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முந்திப் போங்க லா மாமா, தாங்க முடியல" என்றாள். நான் முந்தவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தலைசுற்றல் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துவிட்டுப் போகட்டும். பாலும் ஆசிட்டும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறினால் உன் அறைதான் என் கண்முன் வந்து நிற்கும். நாற்பது வருஷமாகியும் அப்படித்தான்.

ஈப்போவில் ஒரு கடைவீட்டுக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. பத்தடிக்கு ஒன்பதடி. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு நாற்காலி. மூன்றையும் போட்டபின் நாம் இரண்டு பேரும் நிற்பதென்றால் ஒருவர் கட்டிலில் ஏற வேண்டும். லகாட் பக்கம் ஈயச் சுரங்கத்தில், பம்பு இஞ்சினுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் நின்றவன் நீ. உன் காதிலிருந்து முதலில் குருவிச் சத்தம் போனது. அப்புறம் பெண்களின் பேச்சு. அப்புறம் கதவு தட்டுவது. உன்னிடம் ஒரு தேநீர் கேட்பதற்கே நான் தொண்டை கிழியக் கத்துவேன். பக்கத்து அறைச் சீனக் கிழவர் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பார். ஆனால் இடி உனக்குக் கேட்டது. லாரி போனால் கேட்டது. "கனமான சத்தமெல்லாம் இன்னும் இருக்கு மச்சான், மெல்லிசுதான் போச்சு" என்பாய். ஏதோ வீட்டில் பாதிச் சாமான்தான் திருடு போனது என்பதுபோலச் சொல்வாய்.

உன்னிடம் ஒரு கேசட் இருந்தது. நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உன் தம்பி உறுமி வாசித்ததைப் பதிவு செய்தது. மறு வருஷமே அவன் காய்ச்சலில் போய்விட்டான். ஒழுங்கான போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கேசட்டில் அவன் பேச்சு ஒரு வார்த்தை இல்லை. அவன் வளைந்த குச்சியைத் தோலில் இழுக்கும் அந்த உறுமல் மட்டும்தான். உன் கேசட் செட்டின் உள்ளங்கையளவு ஸ்பீக்கர்களில் போட்டால் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கும். அந்தச் சுரண்டலும் உன் காதில் விழாது.

"இவன ஒழுங்கா உறும விடணும் மச்சான். முழுச் செவிடாவறதுக்குள்ள கேட்டுடணும்" என்றாய் ஒரு நாள். வேறு எதையும் நீ என்னிடம் கேட்டதில்லை.

பலகை மில்லில் வேலை செய்தவன் நான், பெட்டி என் பொறுப்பு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரையடி இடம். அதற்குள் அடங்க வேண்டும். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கொடுத்து, "சின்னப் பெட்டியா இருந்தா பரவால்ல, காத்து மட்டும் வெளிய போகக்கூடாது. போச்சுன்னா சத்தம் செத்துரும்" என்றார். உள்ளளவு எவ்வளவு என்று கேட்டதற்கு, மண்ணெண்ணெய்த் தகரத்தில் இரண்டு தகரம் மணல் பிடிக்க வேண்டும் என்றார். நீ பெட்டியில் மணலைக் கொட்டிக் கொட்டி அளந்தாய். உன் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சை உள்ளே திணித்தாய். கனத்த சத்தம் மட்டும் பெட்டிக்குப் போவதற்கு, பால்டின்னைச் சுற்றிச் செம்புக்கம்பியை இருநூறு சுற்றுச் சுற்றினோம். எண்ணிக்கையைத் தவறவிட்டதற்கு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் பெட்டியின் தலையிலேயே வைத்தோம்.

பழைய ஸ்பீக்கர் என்பதால் அதன் காகிதக் கூம்பின் ஓரம் வெடித்திருந்தது. தோட்டத்தில் பிறந்த நமக்கு அதற்கு வேறென்ன மருந்து தோன்றும்? இன்னமும் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்த என் அக்காவிடம் ஒரு போத்தல் பால் வாங்கி வந்தேன். கேட்காமலே ஆசிட்டும் ஒரு சின்னப் போத்தலில் கொடுத்துவிட்டாள். பால் என்றால் உறையவைக்க ஆசிட்; அவள் கை அப்படிப் பழகியது. நீ அதைப் பார்த்ததும், "ஆசிட் வேணாம் மச்சான். மெல்லிசாத் தடவி விட்டா தானாக் காயும். மூணு நாளு பொறு" என்றாய்.

பொறுமைக்கும் எனக்கும் எந்தக் காலத்தில் ஒத்துப்போயிருக்கிறது? நீ வேலைக்குப் போன நேரம் பார்த்து நாலு சொட்டு கலந்து தடவினேன். ஒரு மணி நேரத்தில் இறுகிவிட்டது. ஒன்றிரண்டு சொட்டு காகிதத்தில் வழிந்து நடுவே இறங்கியதைப் பார்த்தேன். துணியால் துடைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? தலை சீவி, சட்டை மாற்றி, கோயிலுக்குப் போகிறவன்போல அறை நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். கேசட்டைப் போட்டேன். உன் முகம் விழுந்துவிட்டது. "ஓடுதா மச்சான்?" என்றாய். கட்டிலில் நின்ற எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்துகொண்டிருக்கிறது! கீழே இறங்கி உன் பக்கம் வந்தால், சத்தம் மாயமாகிவிட்டது. திரும்பவும் சுவரோரம் போனேன், இருந்தது. சின்ன அறையில் கனத்த சத்தம் சுவரிலும் மூலையிலும்தான் போய்த் தங்கும், நடுவில் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு, "ஓடுது, ஓடுது! நீ நவுந்து உக்காரு!" என்று கத்திக்கொண்டே நாற்காலியோடு உன்னை அலமாரி மூலைக்கு இழுத்தேன்.

அந்த மூலையில் உன் தம்பி உறுமினான். நீ கண்ணை மூடிக்கொண்டாய். கேசட் முடிந்தும் திறக்கவில்லை. பிறகு, "எடது கைக்காரப் பய. அடியப் பாரேன்" என்றாய்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கேட்டாய். நாலாவது வாரம் நான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போதே கேசட் ஓடிக்கொண்டிருந்தது. தகரச் சுரண்டல் மட்டும். பெட்டி செத்துவிட்டது என்பது வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எதனால் என்பதும்தான்.

நீ அலமாரி மூலையில் உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொண்டிருந்தாய். எழுந்து நாற்காலியைக் கதவு மூலைக்கு இழுத்தாய். உட்கார்ந்தாய். கட்டிலைத் தள்ளி ஜன்னல் மூலைக்கு இழுத்தாய். சிமெண்டுத் தரையில் அந்த இரும்புக்கால் நாற்காலி போட்ட சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. உனக்கு அது கேட்கவில்லை. நாலாவது மூலையிலும் உட்கார்ந்து பார்த்தாய். பெட்டிமேல் கையை வைத்தாய். தலையில் இருந்த சின்ன ஸ்பீக்கர்களின் துடிப்பு லேசாகப் பலகையில் இருந்திருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"ஓடுதா மச்சான்?"

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆசிட் கதையும் வெளியே வரும். நீ என்னை அடித்திருக்க மாட்டாய், திட்டி முடித்துச் சிரித்திருப்பாய். ஆனாலும் எனக்கு வெட்கம். அடுத்த வாரத்துக்குள் நீ இல்லாத நேரம் வந்து கழற்றிச் சரிசெய்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டம்.

"ஓடுது" என்றேன். உன் காதுக்கு எட்டும்படி, நன்றாகக் கத்தியே சொன்னேன்.

"அப்ப காதுதான் போச்சு" என்றாய். கேசட்டை எடுத்து அதன் உறையில் போட்டு என் சட்டைப் பையில் வைத்தாய். "இந்தா, நீயே வச்சுக்க. ஒனக்காவது கேக்கட்டும்."

திங்கள் மில்லில் ஓவர்டைம். செவ்வாய் மழை. புதன் வெறும் சோம்பல், வேறு காரணம் கிடையாது. வியாழக்கிழமை காலையில் சுரங்கத்தில் இஞ்சின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை என்று ஆள் வந்து சொன்னான்.

கருமாதி முடிந்த மறுநாள் பெட்டியைத் திறந்தேன். காகிதத்தின் நடுவுக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்று பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. புதுக் கம்பி வைத்து ஈயம் பற்றவைத்தேன். பத்து நிமிஷ வேலை, மச்சான். வெறும் பத்து நிமிஷம். கேசட்டைப் போட்டேன். உன் தம்பி உறுமிய உறுமலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. நாற்காலி நீ விட்ட இடத்திலேயே, நாலாவது மூலையில் இருந்தது. நிறுத்தவும் முடியாமல், கேட்கவும் முடியாமல் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பெட்டி இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. வேறு கேசட் எதுவும் அதில் போட்டதில்லை. கேசட் நாடா நைந்துவிட்டது, போடுவதற்கும் பயமாக இருக்கிறது. ஆனால் யார் வீட்டிலாவது தரையில் நாற்காலியை இழுத்தால் நான் திடுக்கிட்டுத் திரும்புகிறேன். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, கூப்பிட்டால் காதிலும் விழுவதில்லை என்கிறான் என் மகன்.

அதற்காகத்தான் நேற்று ஆஸ்பத்திரியில் காது பார்க்கக் கூட்டிப்போனான். கதவு மூடிய சின்ன அறை, உன் அறையில் பாதி இருக்கும். "சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்க அங்கிள்" என்று சொல்லி, நர்ஸ் பெண் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டுப் போனாள். ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவளைப் பார்த்துக் கேட்டேன்.

"மெஷின் ஓடுதாம்மா?"

அவள் எழுந்து உள்ளே வந்தாள். என் காதிலிருந்து கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். "ஓடுது அங்கிள். எனக்குக் கேக்குது" என்றாள். கோபப்படாமல், சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னிடம் பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

திரும்பவும் கதவை மூடினாள். கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சிமெண்டுத் தரையில் இரும்புக்கால் நாற்காலி ஒன்று மெல்ல மூலைக்கு மூலை இழுபட்டது.

பட்டனை அமுக்கினேன்.